மெழுகுப்பூக் கொடியில் ஒன்பது குச்சிகள்

சென்னியப்பனுக்கு ஒரு பழக்கம். எது கோணலாகத் தெரிந்தாலும் கை சும்மா இருக்காது. முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக இருந்து சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும், சாய்ந்து தொங்கும் காலண்டரை நிமிர்த்தி வைக்காமல் ஒரு வீட்டிலும் காபி குடித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் அறுபது வயதில் ஞானம் தேடிக்கொண்டு கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தவமணி அம்மாதான் குரு. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சென்னியப்பனின் மூத்த மகளைவிட நாலு வயது பெரியவர், அவ்வளவுதான். இவர் அவரை "அம்மா" என்பார், அவர் இவரை "ஐயா" என்பார். ஆசிரமம் என்று பெயரே தவிர, அது ஒரு சின்ன ஓட்டு வீடு.

கூடத்துக் கிழக்கு ஜன்னலில் ஒரு தொட்டிச்செடி இருந்தது. நர்சரிக்காரர்கள் ஹோயா என்று சொல்லும் மெழுகுப்பூக் கொடி. இலை தடியாக இருக்கும். பூத்தால் மெழுகில் செய்து ஒட்டியது மாதிரிச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் கொத்தாகத் தொங்கும். வெப்பமான ஊர்ச் செடி அது. மலைக்குளிரில் வெளியே வைத்தால் போச்சு. அதனால் எந்நேரமும் வீட்டுக்குள்தான்.

வந்த ஒரே மாசத்தில் சென்னியப்பன் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, நான் இனி ஊருக்குத் திரும்பறதா இல்லீங்க. பாவாத்தாளுக்குக் கடுதாசி எழுதிப் போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

பாவாத்தாள் அவர் மனைவி. பெருந்துறையில் தனியாக இருந்தாள்.

"சண்டைங்களா?"

"சண்டை போட்டாத் தேவலையே! பேச்சே இல்லீங்க. சாயங்காலம் போன் பண்ணுவா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பா. 'ம்'னு சொல்லுவேன். 'சரி, வெச்சர்றேன்'ம்பா. முப்பத்தாறு வருஷத்துல மிச்சம் அவ்வளவுதானுங்க."

தவமணி அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னலைக் காட்டினார்.

"இந்தக் கொடியைக் கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கோங்க. பூக்கட்டும். அப்பப் பேசிக்கலாம்."

சென்னியப்பன் பார்த்துக்கொண்டார் பாருங்கள், பெற்றவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்! தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். குளிர் கூடினால் ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைத் திணிப்பார். தியானத்தில் உட்கார்ந்தாலும் அரைக்கண் அங்கேதான் இருக்கும். பாவம், அவருக்குக் கடுதாசி அவசரம். ஆனால் போகப்போக நிஜமாகவே பிரியம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கொடியிடம், "என்ன கண்ணு, ராத்திரி குளிருச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மாசிப் பௌர்ணமிக்கு ஆட்கள் வருவார்கள் என்று கூடத்தைச் சுத்தம் செய்தார். அப்போதுதான் அந்தக் குச்சிகள் கண்ணில் பட்டன. கொடியில் அங்கங்கே விரல் நீளம்கூட இல்லாத மொட்டைக் காம்புகள். இலையும் இல்லை, தளிரும் இல்லை. முனை வேறு கறுத்துக் கிடந்தது. விடுவாரா மனுஷன்? கத்தரியை எடுத்து ஒன்பதையும் ஒட்ட நறுக்கிவிட்டார். முடி வெட்டிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி கொடி பளிச்சென்று ஆகிவிட்டது.

சித்திரை போயிற்று. வைகாசியும் முடியப் போகிறது. புது இலைகள் வந்தன, கொடி ஜன்னல் கம்பியில் ஏறிச் சுற்றிக்கொண்டது. பூவைத்தான் காணோம்.

"என்னங்கம்மா இது? நான் என்ன குறை வெச்சேன்?"

தவமணி அம்மா வந்து கொடியைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்க இருந்த காம்பெல்லாம் எங்கீங்க ஐயா?"

"அந்த மொட்டைக் குச்சிங்களா? நான்தான் வெட்டிப் போட்டேன். அசிங்கமா நீட்டிக்கிட்டு நின்னுச்சுங்களே!"

அம்மா வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போன வருஷம் பூத்தது அதுலதானுங்க. அதுக்கு முந்தின வருஷமும் அதுலதான். பூ உதிர்ந்ததும் காம்பு மொட்டையா நிக்கும். அடுத்த வருஷம் அதே முனையில மறுபடி மொட்டு விடும்."

சென்னியப்பன் கொடியருகே வந்து குனிந்து பார்த்தார்.

"காய்ஞ்சு போச்சுன்னுல்லங்க நெனச்சேன்!"

"வெட்டறப்பப் பால் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"எந்தக் குச்சியில?"

"மொதக் குச்சியிலயே வந்துச்சு."

"அப்புறம்?"

"தொடச்சுட்டு… அடுத்ததை வெட்டினேன்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"திட்டுங்கம்மா."

"திட்டி என்ன பண்றது? வருத்தமாத்தான் இருக்கு. பூத்தா சாயங்காலம் கூடமே மணக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சிரித்துவிட்டார். "ஆனா இதை இத்தனை ஆசையா யாரும் பாத்ததில்லீங்க. அதையும் சொல்லணுமில்ல?"

"மறுபடி காம்பு விடுங்களா?"

"கொடிக்கு உசுரு இருக்கே, விடும். ரெண்டு வருஷம் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம்."

"அப்ப என் கடுதாசி?"

"அதுக்காக நீங்க பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்பவே எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்."

சென்னியப்பன் அறைக்குள் போய்க் காகிதத்தை எடுத்து வைத்தார். 'பாவாத்தாளுக்கு' என்று எழுதினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்கு ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மூணு மணி பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பறேன்மா."

"திரும்ப எப்பங்க?"

"தெரியலீங்க. அவ வெரட்டி விட்டா நாளைக்கே வந்துருவேன்."

வாசற்படி வரை போனவர் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. எது பட்டுப்போன குச்சி, எது பூக்கப்போற குச்சின்னு நீங்க எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?"

தவமணி அம்மா கீரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியாதுங்க ஐயா. அதனாலதான் நான் வெட்டறதில்லை."