ஏழாம் நாள் காணாமல் போன மாப்பிள்ளை

பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் தலையாட்டிபட்டி. அந்த ஊரில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும், அந்தத் தொந்தரவு அவர்களுக்கு இல்லை. தாங்கள் சொல்லாததால் மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். சமுதாயக் கூடத்துக்கு டிவி வரும்வரை அந்த நம்பிக்கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

டிவியில் நாடகம் ஓடினால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அடுத்த வீட்டுச் சண்டையை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லையாம். செய்தி வந்தால் கொட்டாவி விடுவார்கள். விளம்பரம் வந்தால்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். விளம்பரத்தில் வருகிறவர்கள்தானே நேராக முகத்தைப் பார்த்து, "நீங்கள்" என்று பேசினார்கள்? தலையாட்டிபட்டிக்காரர்களை அதுவரை யாரும் "நீங்கள்" என்று கூப்பிட்டதில்லை.

ஒரு டீத்தூள் விளம்பரத்தில், "ஒரு வாய் குடித்தால் வானத்தில் பறப்பீர்கள்" என்றார்கள். மறுநாளே சீனித்தாய் தன் டீக்கடைத் தூண்களில் ஆளுக்கு ஒரு கயிறு தொங்கவிட்டாள். வந்தவர்கள் முதலில் காலைத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்கினார்கள். ஒருவரும் பறக்கவில்லை. கயிறு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பேசிப் பேசி நடுங்கினார்கள்.

சோப்புத்தூள் விளம்பரம் இன்னும் கஷ்டம் கொடுத்தது. "உங்கள் வெள்ளைச் சட்டையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பொறாமைப்படுவார்" என்று அதில் வந்தது. ஒண்டியப்பன் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொப்பையாவிடம் போய் நின்றான். கொப்பையா பாவம், கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறாமைப்பட்டான். இப்படியே போனால் விவசாயம் என்னாவது என்று, திங்கள், புதன் ஒண்டியப்பன் சட்டைக்குக் கொப்பையா பொறாமைப்படுவது, செவ்வாய், வியாழன் கொப்பையா சட்டைக்கு ஒண்டியப்பன் பொறாமைப்படுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கொப்பையாவுக்குத்தான் கல்யாணம் கூடி வந்தது. வயது முப்பத்தாறு. மூக்கு இடது பக்கமாகத் திரும்பி, யாரோ கூப்பிட்டதைக் கேட்டது மாதிரி இருக்கும். பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு தட்டு கேசரி தின்று, பதினோரு தடவை "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்பி வந்தவன். பன்னிரண்டாவது வீட்டில் ஒச்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தக் கோண மூக்கு எனக்குப் பிடிச்சிருக்கு" என்று தன் அப்பா சிவனாண்டியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்று வீடு வரும்வரை கொப்பையா மூக்கைக் கையால் பொத்திக்கொண்டே வந்தான், கீழே விழுந்துவிடப் போகிறதே என்று.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அந்த கிரீம் விளம்பரம் வந்தது. மதிவதனி கிரீமாம். ஒரு பெண் கன்னத்தில் தடவிக்கொண்டு, "ஏழே நாளில் உங்களை உங்களுக்கே அடையாளம் தெரியாது!" என்றாள்.

கொப்பையா தன் தாய்மாமன் மொக்கைச்சாமியைப் பார்த்தான். ரிமோட்டை இடுப்பில் செருகி வைத்திருப்பவர் அவர்தான் என்பதால் ஊரில் அவர் சொல்வதே தீர்ப்பு.

"மாமா, தடவலாமா?"

"நம்மளப் பாத்துத்தானப்பா சொல்லுது அந்தப் புள்ள. தடவலேன்னா அது மனசு என்ன பாடுபடும்?"

கொப்பையா தடவினான். காலையிலும் சாயங்காலமும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. ஆறு நாளும் கண்ணாடியைப் பார்த்து, "தெரியுது, நான்தான்" என்று சொல்லிக்கொண்டான். ஏழாம் நாள் காலையில் டப்பாவைச் சுத்தமாக வழித்துத் தடவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான்.

அதே கோண மூக்கு. அதே தூக்கின பல். "நான்..." என்று வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். இன்றைக்கு ஏழாம் நாள். இன்றைக்குத் தன்னைத் தனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் இந்த ஆளை நன்றாக அடையாளம் தெரிகிறது. அப்படியென்றால் இது கொப்பையா இல்லை.

"அண்ணே, யாருண்ணே நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். கண்ணாடிக்குள் இருந்தவனும் அதையே கேட்டது போலத்தான் இருந்தது. கொப்பையா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

ஒண்டியப்பன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒண்டியப்பன், "என்னடா கொப்பை, இந்நேரம்..." என்று ஆரம்பித்து, பாதியில் விரலை மடக்கி எண்ணினான்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"ஏழு."

ஒண்டியப்பன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். "வாங்க, உக்காருங்க. எந்த ஊரு உங்களுக்கு?"

சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. மொக்கைச்சாமி வந்தவனைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார்.

"சட்டை கொப்பையா சட்டையால்ல இருக்கு. இது எப்படி ஒங்ககிட்ட வந்துச்சு?"

"காலைல எந்திரிக்கும்போதே போட்டிருந்தேங்க."

"களவாண்ட மாதிரியும் தெரியல" என்றாள் சீனித்தாய். "களவாண்டவன் நேத்துப் போட்ட அழுக்குச் சட்டையையா எடுப்பான்?"

அந்த நேரம் பார்த்துக் கொப்பையாவின் நாய் ஓடி வந்து அவன் காலை நக்கி வாலை ஆட்டியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"நாய் அடையாளம் கண்டுக்கிருச்சே மாமா" என்றான் ஒண்டியப்பன்.

"அது டிவி பாக்குதா?" என்று கேட்டார் மொக்கைச்சாமி. இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "பெறகு அதுக்கு என்ன வெவரம் தெரியும்? போவச் சொல்லு."

ஆக, இவர் கொப்பையா இல்லை என்று முடிவானது. பேர் தெரியாததால் ஏழுநாள்காரர் என்று வைத்தார்கள். அப்போதுதான் சீனித்தாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்படின்னா கொப்பையா எங்க? விடிஞ்சா முகூர்த்தமாச்சே!"

ஊரே தேட இறங்கியது. கிணறு, வைக்கோல் படப்பு, கண்மாய்க்கரை, ஒன்று விடவில்லை. எல்லோரையும்விட அதிகமாகத் தேடியது ஏழுநாள்காரர்தான். முள்ளில் கால் கிழிந்தும் நிற்கவில்லை. பதினோரு வீட்டில் கேசரி தின்ற ஒருவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று புலம்பிக்கொண்டே தேடினார்.

வாழைத்தோட்டத்துக்குள் ஒண்டியப்பன் கையைக் குவித்து, "கொப்பையா!" என்று கத்தினான்.

"என்னடா?" என்று குரல் வந்தது.

"அந்தா, அவன் குரலு!" என்று ஒண்டியப்பன் துள்ளினான். "கேட்டீங்களா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு! ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு!" என்று அவனுக்கு முன்னால் ஓடினார் ஏழுநாள்காரர். இரண்டு பேரும் வாழைத்தோட்டத்தை மூன்று தடவை சுற்றினார்கள். இருபது வாழை சாய்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை வேன் பிடித்துப் பெண்ணின் ஊருக்குப் போனார்கள். மாப்பிள்ளை காணாமல் போன செய்தியை நேரில் போய்ச் சொல்வதுதானே முறை. கோயில் வாசலில் சிவனாண்டி மாலையோடு ஓடி வந்தார்.

"வாங்க மாப்ள!"

"சம்பந்தி, அவசரப்பட்டு மாலையப் போட்றாதீங்க" என்று குறுக்கே விழுந்தார் மொக்கைச்சாமி. "மாப்ளயக் காணோம். இவரு தேடுறதுக்குக் கூட வந்தவரு."

சிவனாண்டி மாலையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கிரீம் டப்பாவைச் சாட்சியாக நீட்டிய சம்பந்தியைப் பார்த்தார். பத்து நிமிஷம் விவரம் கேட்டபிறகு, தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

முகூர்த்தம் முடிய அரை மணிதான் இருந்தது. பட்டுச்சேலை சரசரக்க ஒச்சம்மா வெளியே வந்தாள். டப்பாவை வாங்கி எழுத்தைப் படித்தாள். பிறகு ஏழுநாள்காரரின் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் வந்த சிரிப்பைக் கடித்துக்கொண்டாள்.

"மாமா, கொப்பையா வரலேன்னா போகட்டும். இவரு சும்மாதான நிக்கிறாரு? இவரையே கட்டிக்கிறேன்."

மொக்கைச்சாமி யோசித்தார். "யாரு பெத்த புள்ளையோ தெரியலயேம்மா. மொறை ஆகணுமே?"

"கொப்பையா சட்டை இவருக்குச் சரியா இருந்துச்சுல்ல? அப்ப மொறையும் சரியாத்தான் இருக்கும்."

இந்த நியாயம் தலையாட்டிபட்டிக்காரர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழுநாள்காரர் மட்டும் ஓவென்று அழுதார்.

"வேணாங்க! அந்தக் கொப்பையா பாவங்க. ஊரு ஊரா அலைஞ்சு, கடைசில உங்க ஒருத்திக்குத்தாங்க அவனப் புடிச்சுது. நீங்க வேணும்னு அவன் சாமி கும்பிட்டது எனக்குத் தெரியும். அவன் எடத்துல நான் எப்படிங்க உக்காருவேன்?"

ஒச்சம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. கொப்பையா தன்மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தான் என்று கொப்பையாவின் வாயிலிருந்து அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அவரு வர்றவரைக்கும் கட்டிக்கங்க. வந்தா அப்ப பேசிக்கலாம்" என்றாள் மெதுவாக.

ஏழுநாள்காரர் வாசலையே பார்த்துக்கொண்டு மூன்று முடிச்சையும் போட்டார்.

கொப்பையா திரும்பும்வரை அவன் வீட்டிலேயே இருந்து மாட்டைப் பார்த்துக்கொள்ளும்படி ஊரார் ஏழுநாள்காரரைக் கேட்டுக்கொண்டார்கள். குடித்தனம் நன்றாகவே நடந்தது. ஒச்சம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால் தெருவே மூக்கை நீட்டும். ஆனால் ஏழுநாள்காரருக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆளைக் கண்டுபிடித்து ஒப்படைக்காமல் அவன் வீட்டுச் சோற்றைத் தின்பது நியாயமா? உள்ளூர் கேபிள் டிவிக்காரரிடம் கொப்பையாவின் போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேபிள்காரர் போட்டோவைப் பார்த்தார், எதிரில் நிற்பவரைப் பார்த்தார், விளம்பரம் விளம்பரம்தானே என்று வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு டிவியில் கொப்பையா வந்தான். "இவரை நீங்கள் பார்த்தீர்களா? காணவில்லை" என்று ஒரு குரல் கேட்டது. ஒச்சம்மா முன்வரிசையில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். "என்ன லட்சணமான மூக்கு!" என்று பெருமூச்சு விடுவாள்.

ஏழுநாள்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கள், புதன் என்று முறை வைத்துப் பட்ட பொறாமை எல்லாம் ஒரு பொறாமையா? இப்போதுதான் நிஜமான பொறாமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

"அவன் வந்துட்டா அவன்கூடப் போயிருவியா?" என்று கேட்டார்.

"பின்ன? அந்த மூக்கப் பாத்துத்தான சம்மதிச்சேன்" என்றாள் அவள், அரிசியைப் புடைத்துக்கொண்டே.

அதோடு ஏழுநாள்காரரின் நியாயம் எல்லாம் காற்றில் போயிற்று. கொப்பையா வரவே கூடாது என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் ஒண்டியப்பன் ரகசியமாக அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"ஏழுநாள்காரரே, சொன்னா மனசு சங்கடப்படாதீங்க. டிவில காட்டுற அந்தக் கொப்பையாவ நான் பாத்துட்டேன்."

"எங்க?"

"தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மாட்டப் புடிச்சுக்கிட்டு, ஒங்க வீட்டுக்குள்ளதான் போறான். தின்னுட்டு அங்கயேதான் கெடக்கான்."

ஏழுநாள்காரருக்குத் தலை சுற்றியது. "ஆறு மணிக்கு நானும்தான வீட்டுக்குப் போறேன்! என் கண்ணுல படலயே?"

"நீங்க உள்ள போற அதே நேரம் பாத்து நுழையுறான். எப்பேர்ப்பட்ட கள்ளன்!"

மறுநாள் ஏழுநாள்காரர் வேலைக்கே போகவில்லை. உலக்கையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆறு மணி ஆயிற்று, ஒருவனும் வரவில்லை. ஆறரை ஆயிற்று. உள்ளே குழம்பு கொதித்து மணம் வந்தது.

ஒச்சம்மா, "சாப்பிட வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். ஆள் வரவில்லை. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் இவர்தான் கொப்பையா இல்லையே, பேரைச் சொன்னால் என்ன தப்பு? அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"கொப்பையா!"

"என்ன?" என்று பதில் வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஏழுநாள்காரர் உலக்கையோடு பாய்ந்து வந்தார்.

"கேட்டியா அவன் குரல? வீட்டுக்குள்ளதான்டி இருக்கான்! நீ வாசக்கதவச் சாத்து, நான் பின்கதவுல போயி நிக்கிறேன்!"