காத்தாயி போட்ட அணை

ஒரு ஊர்ல ஒரு உப்பு வாய்க்கா. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் வாய்க்காதான். ராஜா கதை வேணும்னா உங்கப்பனைக் கேளு, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் படகுக்காரங்க கதைதான். கண்ணை மூடிக்கோ. மூடிக்கிட்டே 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும், சொல்லிட்டேன்.

அந்த வாய்க்காவோட ஒரு முனை கடல்ல, இன்னொரு முனை உள்ளூர்ல. கடல் ஏறும்போது குபுகுபுன்னு தண்ணி உள்ள வரும், கடல் இறங்கும்போது வந்த தண்ணியெல்லாம் திரும்பி ஓடிடும். மழைக்காலத்துல இது ஒண்ணும் தெரியாது, வாய்க்கா தளும்பிக்கிட்டுக் கெடக்கும். வைகாசி வெயில்ல பாக்கணுமே! கடல் இறங்கிச்சுன்னா அங்கங்க முழங்கால் தண்ணிகூட நிக்காது. படகெல்லாம் எருமை மாதிரி சேத்துல குந்திக்கும். ம்?

அந்த வாய்க்கால்ல படகு ஓட்டுனவ காத்தாயி. அவ தங்கச்சி சிட்டம்மா. அக்காகிட்ட பெரிய படகு, தங்கச்சிகிட்ட சின்னப் படகு. ரெண்டு பேருக்கும் ஒரே தம்பி, சிங்காரவேலுன்னு பேரு, தாயில்லாப் புள்ள. அவனை இடுப்புல வெச்சுக்கிட்டே உப்பளத்துல வரப்பு போட்டு, கஞ்சி ஊத்தி வளத்தவ காத்தாயிதான். ஆனா அந்தப் பய வாயைத் தொறந்தா சின்னக்கா, சின்னக்கா. சின்னக்கா வெச்ச குழம்பு, சின்னக்கா சொன்ன பேச்சு. காத்தாயிக்கு வயிறு எரியும். தூக்கிச் சொமந்தவ நானு, பேரு வாங்கிட்டுப் போறவ அவளான்னு எரியும்.

சிரிக்காதே. நேத்து உன் தம்பி தட்டுல பெரிய அப்பளம் விழுந்துடுச்சுன்னு நீ என்ன ஆட்டம் ஆடுனே? அதேதான் இதுவும்.

அப்புறம் அந்த சிங்காரவேலுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பொண்ணு பேரு தையல்நாயகி, கடலோரத்து ஊரு. மாப்பிள்ளை மொத முடிச்சு போட்டா, மிச்ச ரெண்டு முடிச்சை அவன் கூடப்பொறந்தவ போடணும், தெரியுமில்ல? நாத்தனார் முடிச்சு. மூத்தவ இருக்கும்போது வேற யாரு போடுவா? காத்தாயிதான் போடணும். ஆனா நிச்சயதார்த்தத்தன்னிக்கு அந்தப் பய வெத்தலையை மென்னுக்கிட்டே, "சின்னக்கா கை ராசியான கை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான். சும்மாதான் சொன்னான். காத்தாயிக்கு நெஞ்சுல முள்ளு தச்சுடுச்சு. முடிச்சையும் அவகிட்ட குடுத்துடுவானோ, என்னை ஓரமா நிக்க வெச்சுடுவானோன்னு அன்னையிலேருந்து சோறு எறங்கல.

பொண்ணை நாத்தனார் படகுல அழைச்சுட்டு வரணும், அது அவங்க வழக்கம். பொண்ணோட சனமெல்லாம் காலையில வண்டி கட்டிக்கிட்டு வந்துடும். அதனால கல்யாணத்துக்கு மொத நாளே அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு படகோட கடலோரம் போனாங்க. போனா என்னாச்சு? பொண்ணு சிட்டம்மா படகுல ஏறி உக்காந்துடுச்சு. அண்டா, குண்டா, அரிசி மூட்டை, ஆட்டுக்கல்லு, கட்டிலு எல்லாம் காத்தாயி படகுல. பெரிய படகுல சாமான், சின்னப் படகுல ஆளு. நியாயம்தானே? நமக்கு நியாயமாத் தெரியுது. காத்தாயிக்குத் தெரியல.

"பாத்தியாய்யா, பொண்ணு அவளுக்காம், ஆட்டுக்கல்லு எனக்காம்!"ன்னு புருஷன்கிட்ட பொரிஞ்சா. அவ புருஷன் நல்லதம்பி, பாவம், வாய் நெறைய வெத்தலை, அதுக்கு மேல பேச்சு வராது. "ம்"னான். நீ சொல்ற மாதிரியே.

பொண்ணு வீட்டுல கட்டிப் புடிச்சு அழுது முடிக்கறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. கடல் இறங்க ஆரம்பிச்சுடுச்சு. விடிஞ்சா முகூர்த்தம். வழியில வாய்க்காக்குள்ளயே மூணு மண்மேடு. அன்னைக்குச் சாயங்காலம் கடல் ஏறும், அந்தத் தண்ணியைப் புடிச்சுட்டா பொழுது சாய ஊர் போயிடலாம். அதை விட்டா அவ்வளவுதான். அதனால ரெண்டு படகும் கழியை ஊனிக்கிட்டு, சரக், சரக்னு வேகமா வந்துச்சு.

மொத மேடு, நண்டு மேடு. சிட்டம்மா படகு சலசலன்னு தாண்டிடுச்சு. காத்தாயி படகு கர்ர்ர்னு தரை தட்டி நின்னுடுச்சு. நல்லதம்பி எறங்கித் தள்ளுனான், அசையல. காத்தாயி எறங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாத்தா, லொடக், லொடக்குன்னு ஆடுச்சே தவிர நகரல. அப்போ சிட்டம்மா புருஷன் ஓடி வந்து கயிறு கட்டி, கரையில நின்னு, ஏலேலோன்னு இழுத்தான். பொத்துனு சேறு விட்டுச்சு, படகு வெளிய வந்துச்சு. காத்தாயி நன்றி சொன்னாளா? சொல்லல. அவ கண்ணு அந்தச் சின்னப் படகு மேலயே இருந்துச்சு. பூவு மாதிரி மெதக்குது பாரு, பூவு மாதிரின்னு மொணமொணத்தா.

ரெண்டாவது மேடு, பனைமர மேடு. மறுபடியும் கர்ர்ர். அப்போ சிட்டம்மா சொன்னா, "அக்கா, பாதிப் பாத்திரத்தை எங்க படகுல ஏத்திடு, ரெண்டும் சமமா மெதந்துடும்."

நல்ல யோசனையா இல்லையா? காத்தாயி காதுல அது எப்படி விழுந்துச்சுன்னா, பொண்ணையும் நான் கொண்டு போறேன், சீரையும் நானே கொண்டு போறேன்னு விழுந்துச்சு. "உன் ஒத்தாசை ஒண்ணும் வேணாம் தாயி"ன்னுட்டா. ஒவ்வொரு அண்டாவாத் தலையில தூக்கிக் கரையில வெச்சு, காலிப் படகைத் தள்ளி மேட்டைத் தாண்ட வெச்சு, மறுபடியும் எல்லாத்தையும் ஏத்துனா. டங்கு, டங்குன்னு அண்டா முட்டுது. வேர்வை கொட்டுது. அந்தப் பக்கம் பாத்தா, பொண்ணு சிட்டம்மா மடியில தலை வெச்சுப் படுத்துருக்கு, சிட்டம்மா விசிறி விடுறா. எப்படி இருக்கும் அவளுக்கு?

தூங்கிட்டியா? ம். சரி.

அப்போ சிட்டம்மா, "அக்கா, தண்ணி வத்திக்கிட்டே வருது. உன் படகு கனம், நீ முன்னாடி போயிடு. பொண்ணு பசியில வாடிக் கெடக்கு, கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் குடுத்துட்டு பின்னாலயே வரேன்"னா. காத்தாயி விடுவிடுன்னு முன்னாடி போயிட்டா.

கொஞ்ச தூரத்துல ஒரு பழைய மதகு. கதவு எப்பவோ போயிடுச்சு, ரெண்டு பக்கமும் சுவர் மட்டும் நிக்குது, நடுவுல ஒரு படகு நொழையற சந்து. அதைத் தாண்டுனதும் காத்தாயி திரும்பிப் பாத்தா. வாய்க்காத் தண்ணி அவ படகுக்கு அடியில நொழைஞ்சு, சந்து வழியா, சிட்டம்மா இருக்குற பக்கம் சளசளன்னு ஓடுது. கடலுக்குப் போற தண்ணி அது, போற வழியில சிட்டம்மா இருக்கா, அவ்வளவுதான். ஆனா காத்தாயிக்கு எப்படித் தோணுச்சு தெரியுமா? "அடிப் பாவி, என் தண்ணியெல்லாம் அவ படகுக்குல்ல போகுது!"

தண்ணி மேலயும் பொறாமை வந்துடுச்சு. வந்தா விடுமா? இந்தச் சந்தை அடைச்சா தண்ணி நம்ம பக்கம் நின்னுடும், நம்ம படகு மெதக்கும், அவ சேத்துல குந்திக்கிடுவா. பொண்ணை நேரத்துக்குக் கொண்டாரத் துப்பில்லைன்னு ஊரே அவளைப் பேசும். தம்பி என் பக்கம் திரும்பி, அக்கா நீதான் முடிச்சு போடணும்னு சொல்லுவான். இப்படியெல்லாம் அவ மனசு கணக்கு போட்டுச்சு. படகு மேல் பலகைங்களை உருவி மதகுச் சந்துல ஒண்ணு மேல ஒண்ணாச் சொருகுனா. நல்லதம்பி, "ஏ புள்ளே..."ன்னு ஆரம்பிச்சான். "நீ சும்மா இருய்யா"ன்னா. கரையில களிமண்ணை வெட்டி, சேத்தோட பெசைஞ்சு, சப், சப், சப்புனு அப்புனா. உப்பளத்துல வரப்பு போட்டுப் பழகுன கையாச்சே, ஒரு சொட்டு கசியல.

தண்ணி நின்னுடுச்சு. காத்தாயி படகு ஜம்முனு மெதந்துச்சு. சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! கழியை ஊனிக்கிட்டு ராணி மாதிரி போனா.

எவ்வளவு தூரம் போனா? மூணாவது மேடு வரைக்கும் போனா. கோரை மேடு. அதுதான் இருக்கறதுலயே பெரிய மேடு. கர்ர்ர்ர்ர். ஆட்டுனாலும் அசையல, இழுக்க ஆளில்ல, எறக்கி ஏத்தலாம்னா ரெண்டு பக்கமும் கோரையும் சதுப்பும், கட்டிலை வெச்சா கட்டில் முழுகிடும்.

"போவட்டும்யா, சாயங்காலம் கடல் ஏறும்ல, தண்ணி வரும், தானா தூக்கி விட்டுடும்"னு சொல்லிட்டுக் காலை நீட்டி உக்காந்தா.

நல்லதம்பி வெத்தலையைத் துப்புனான். அன்னைக்குப் பூரா அவன் முழுசாப் பேசுனது இதுதான். "தண்ணி எங்கேருந்து புள்ளே வரும்?"

"இது என்ன கேள்வி, கடல்லேருந்து வரும்."

"கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

காத்தாயி வந்த வழியைத் திரும்பிப் பாத்தா. கடல் பின்னாடில்ல இருக்கு! கடலுக்கும் அவளுக்கும் நடுவுல அவ போட்ட அணையில்ல நிக்குது! பொறந்ததுலேருந்து அந்தத் தண்ணியிலேயே கெடந்தவ, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி எறங்குறதைப் பாத்தவ, பொறாமையில அதைப் போயி மறந்தா பாரேன்.

ஐயோன்னு எறங்கி, எடுத்தா ஓட்டம். சேத்துல சதக், சதக், சதக்குனு விழுந்து எழுந்து ஓடுனா. வெயில் சாஞ்சுக்கிட்டு வருது. மதகுகிட்ட வந்து பாத்தா, அந்தப் பக்கம் தண்ணி தளும்ப ஏறி நிக்குது. சிட்டம்மா படகு அணை மேல இடிக்கிற மாதிரி ஒசரத்துல மெதக்குது. பொண்ணு காலைத் தொங்கப் போட்டுத் தண்ணியை அளைஞ்சுக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் கெண்டைக்கால் தண்ணி.

"அடியே சிட்டு, முகூர்த்தம் தப்பப் போகுதுடி! வந்து எவ்வளவு நேரமாச்சு? இதை ஒடைக்காம ஏன்டி உக்காந்துருக்கே?"ன்னு கத்துனா.

சிட்டம்மா சொன்னா, "உன் படகுப் பலகைன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா. உன் படகு கனமாச்சே, தண்ணி பத்தாமத்தான் தேக்கி வெச்சுக்கிட்டு போறேன்னு நெனைச்சேன். தண்ணி ஏறுற முன்ன ஒடைச்சிருந்தா நீ தரை தட்டியிருப்பியே. அப்புறம் ஏறுச்சு. இப்ப ஒடைச்சா வர்ற வேகத்துல உன் படகு எப்படி நிக்குதோ, கவுந்துடுமோன்னு பயம். உன்னைக் கேக்காம எப்படி ஒடைக்கறது? உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

காத்தாயிக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அழுகை வந்துச்சு. அழுதுக்கிட்டே இன்னொண்ணும் வந்துச்சு, சொல்லட்டுமா? இவ நல்லவளா இருக்கறதுலகூட என்னை முந்திட்டாளேன்னு அதுக்கும் பொறாமை வந்துச்சு. அவ அப்படித்தான்.

"தண்ணி பத்தாம இல்லடி. நீ நேரத்துக்கு வந்து சேரக் கூடாதுன்னுதான் போட்டேன். முடிச்சை உன்கிட்ட குடுத்துடுவான்னு பயந்துட்டேன்"னு சொன்னா. சொல்லிட்டுத் தலை குனிஞ்சு நின்னா. சிட்டம்மாவுக்கு மொகம் சிவந்து போச்சு. அப்புறம் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்கி, மண்ணை ரெண்டு கையாலயும் பறிக்க ஆரம்பிச்சா. அக்கா இந்தப் பக்கம், தங்கச்சி அந்தப் பக்கம். மேல் பலகை வந்துச்சு, அடுத்த பலகை வந்துச்சு, கடைசிப் பலகையை உருவுனதும், குபுகுபுகுபு, ஹோன்னு ஒரு பாய்ச்சல்! சின்னப் படகு சந்துல வழுக்கிக்கிட்டு வந்துச்சு. அந்த வெள்ளம் ஓடிப்போயி கோரை மேட்டுல குந்தியிருந்த பெரிய படகை அலாக்காத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுச்சு. உள்ள உக்காந்துருந்த நல்லதம்பி, "ஆ"ன்னான்.

பொழுது சாய ரெண்டு படகும் ஊர் சேந்துடுச்சு. வழி பூரா சிட்டம்மா அக்காவோட ஒரு வார்த்தை பேசல.

அப்புறம் விடிஞ்சுது. டும் டும் டும், பீப்பீப்பீ. சிங்காரவேலு மொத முடிச்சு போட்டுட்டு, "அக்கா"ன்னு கூப்புட்டான். எந்த அக்கான்னு சொல்லல, மடப்பய. அப்போ காத்தாயி முன்னாடி வந்தாளா? வரல. எந்த முடிச்சுக்காக அணை போட்டாளோ, அதைப் போடச் சொல்லிக் கூப்புடுறாங்க, காலு நகர மாட்டேங்குது. "நீ போடி"ன்னு தங்கச்சியைத் தள்ளுனா. "நான் போட மாட்டேன், மூத்தவ நீ"ன்னு சிட்டம்மா மொதத் தடவையா வாயைத் தொறந்தா. நீ போ, நீ போன்னு நிக்கறாங்க. ஐயரு நேரமாச்சு, நேரமாச்சுங்குறாரு. ஊரே பாக்குது.

அப்போ பொண்ணு இருக்கே தையல்நாயகி, அது குனிஞ்ச தலை நிமிராம, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லுச்சு. "பெரியண்ணி, நேத்து கடலையே ஒரு சாயங்காலம் நிறுத்தி வெச்ச கை உங்களுது. அந்தக் கையால போடுங்க. இந்த ஜென்மத்துக்கும் அவுழாது."

திட்டுனாளா, வாழ்த்துனாளான்னு காத்தாயிக்குப் புரியல. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ஆனா சிட்டம்மா க்ளுக்குனு சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் காத்தாயிக்குக் காலு வந்துச்சு. போயி ரெண்டாவது முடிச்சைப் போட்டா, இறுக்கிப் போட்டா. மூணாவதுக்குச் சிட்டம்மா கையைப் புடிச்சு இழுத்து, "நீ போடுடி, ராசியான கை"ன்னா.

அப்புறம் பொறாமை போயிடுச்சான்னு கேக்குறியா? எங்க போச்சு! பொண்ணு கழுத்துகிட்ட குனிஞ்சு பாத்தாளாம். தன்னோட முடிச்சு தடியா, கோணலா இருக்காம். தங்கச்சியோடது சின்னதா, அழகா உக்காந்துருக்காம். "க்கும்"னு ஒரு தடவை வயிறு எரிஞ்சுதாம். ஆனா தங்கச்சி கையை மட்டும் விடலையாம்.

அவ்வளவுதான், படகு ரெண்டும் கரை சேந்தாச்சு, பொண்ணும் வீடு சேந்தாச்சு. 'ம்' கூட நின்னு போச்சே உனக்கு. தூங்கு, தூங்கு.