பூவலிங்கம் மிளகாய்க்கு வெயில் கேட்ட கதை

ராமநாதபுரம் பக்கம் மொட்டப்பொட்டல் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களைப் போலச் சொன்ன பேச்சு கேட்கிறவர்கள் உலகத்திலேயே கிடையாது. அதிலேதான் அத்தனை வம்பும்.

ஒரு மாசி மாதம் ஆபீசரம்மா ஒருத்தர் வந்து ஊர்க் கிணற்றடியில் எட்டு சோலார் பேனல் மாட்டிக் கொடுத்தார். "தண்ணி இறைக்க இனிமே டீசல் இன்ஜின் வேண்டாம். வெயில்லயே மோட்டார் ஓடும், புகை கிடையாது. ஊர் ஊரா இப்படி மாறிட்டா பூமி சூடாகுறது மட்டுப்படும்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். பூவலிங்கம் மட்டும் கை தட்டாமல் களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுடைய ஒரு வருஷப் பாடு முழுக்க அன்றைக்குத்தான் களத்தில் கொட்டிக் கிடந்தது. அத்தனையும் குண்டு மிளகாய், செக்கச் செவேலென்று பழம். நல்ல வெயில் கிடைத்தால் வத்தல். கிடைக்காவிட்டால் பூசணம் பிடித்துக் குப்பை.

ஊர்த்தலைவர் கருமலையானிடம் ஓடினான்.

"சித்தப்பு, பூமி சூடு கொறஞ்சா என் மிளகா எப்படிக் காயும்?"

தலைவர் மீசையைத் தடவினார். ஊரே பேனலைச் சுற்றிக் கூடியது. இன்ஜின் ஓட்டுகிற உடையப்பன் குனிந்து பேனலுக்கு அடியில் கையை நீட்டினான்.

"அடியில ஒரு பொட்டு வெயில் இல்ல மாமா. பூராத்தையும் குடிச்சிருச்சு."

ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். நிழல்தான் இருந்தது.

"எட்டும் சேந்து இப்படிக் குடிச்சா நமக்கு என்னத்த மிஞ்சும்?"

"நம்மளோட நிக்காதாம்ல. ஊர் ஊரா வருதாம்."

"அப்ப அடுத்த சித்திரைக்குக் கம்பளி வாங்கணும்."

"அடுத்த சித்திரை கெடக்கட்டும்யா!" பூவலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். "எனக்கு இந்த வாரத்து வெயிலைக் குடுங்க!"

தலைவர் தொண்டையைச் செருமித் தீர்ப்புச் சொன்னார். "கவர்மெண்டு பேனலோட வெயில்ல நாம பங்குக்குப் போகக் கூடாது. மிளகாய்க்கு மேல பந்தலைப் போடு. பேனல் குடிக்கிற வெயிலுதான கரண்டா வருது? அந்தக் கரண்டுல ஒரு பல்பை எரிய விடு. குடிச்சதை அதுவே திருப்பிக் குடுத்துரும்."

என்ன மூளை! அன்றைக்கே பனை ஓலையை இரண்டு அடுக்காகப் போட்டு, ஊசி வெயில்கூட ஒழுகாமல் பந்தல் கட்டினார்கள். நடுவில் ஒற்றைப் பல்பு தொங்கியது.

மறுநாள் மிளகாய் வேர்த்தது. அதற்கு மறுநாள் ஒரு மாதிரி வாடை அடித்தது. பூவலிங்கம் மறுபடியும் தலைவரிடம் ஓடினான்.

"ஒரு பல்பு பத்தாது சித்தப்பு. நாப்பதாவது வேணும்."

"அம்புட்டையும் பேனல் தாங்காதே" என்றார் தலைவர்.

உடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "அப்ப நம்ம இன்ஜின் எதுக்கு இருக்கு?"

"அது வேண்டாம்னு அந்தம்மா சொல்லிட்டுப் போச்சே மாப்ள?"

"தண்ணி இறைக்கத்தான வேண்டாம்னாங்க மாமா. வெயில் இறைக்க வேண்டாம்னு சொல்லலையே."

அதுவும் சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இன்ஜினில் டைனமோவைப் பூட்டி முடுக்கினார்கள். களமே கரும்புகை. பந்தலுக்குள் நாற்பது பல்பு. பூவலிங்கம் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மிளகாயைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தான். இன்னும் ஈரம்.

உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பேனல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆபீசரம்மா வந்து இறங்கினார். புகையைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். குனிந்து, உள்ளே எரிகிற பல்பையெல்லாம் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மிளகாய்க்கு வெயில் உண்டாக்குறோம்மா."

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பந்தலின் ஓலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது சரசரவென்று சரிந்து விழுந்தது. மிளகாய் மேல் பளீரென்று அடித்தது வெயில்.

பூவலிங்கம் ஒரு மிளகாயைத் தொட்டான். சுட்டது! இன்னொன்றைத் தொட்டான். அதுவும் சுட்டது! சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஜின் பக்கம் திரும்பிக் கத்தினான்:

"டேய் மச்சான், வெயில் வந்திருச்சுடா! நிப்பாட்டிராத, இன்னும் ரெண்டு கேன் டீசலை ஊத்து!"