செவுரு தெரிகிற முகம்

“ஆறு மாசமா செஞ்சு பாத்துட்டேன் டீச்சர். என் சம்சாரம் முகம் தெரியல. பின்னாடி செவுருதான் தெரியுது.”

சொன்னவர் ஏகாம்பரம். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. குருவான செலினுக்கு முப்பத்தைந்துதான். புதுச்சேரியில் ஒரு பழைய கிடங்கில் அக்ரிலிக் சிற்பம் செய்கிறவர். கேட்ட கேள்விக்கு லேசில் பதில் சொல்லமாட்டார்.

முகம் மேசைமேல் இருந்தது. கண்ணாடிபோல ஊடே தெரியும் அக்ரிலிக் தகட்டைச் சூடுகாட்டி வளைத்தது. முகமூடி போலப் பின்புறம் குழிந்திருக்கும். நெற்றி இருந்தது, மூக்கும் இருந்தது. யாருடைய முகம் என்றுதான் சொல்ல முடியாது.

“கல்லுல பண்ணியிருக்கலாமே?” என்றார் செலின்.

“என் கோமளா வீட்ல இருக்கறதே தெரியாது டீச்சர், அவ்ளோ அமைதி. அதான் இதுல பண்ண வந்தேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“போட்டோவுல வெறச்சிப்போய் உக்காந்திருக்கா. அது அவ முகமில்ல. நெஜ முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது. பயமா இருக்கு.”

செலின் அந்த முகத்தைத் துண்டில் சுற்றினார்.

“அவங்க வீட்ல எங்க நிப்பாங்க?”

“சமையக்கட்டுல. ஜன்னலப் பாத்துக்கிட்டு.”

“வாங்க போலாம்.”

ஏகாம்பரத்துக்கு மாடி வீடு. கோமளா இறந்துபோனதிலிருந்து இரண்டு வருஷமாக ஓட்டல் சாப்பாடு. சமையல் மேடையில் பழைய பேப்பர் கட்டுகள் கிடந்தன.

செலின் அவற்றைத் தள்ளிவிட்டு மளிகை டப்பாக்களை அடுக்கினார்.

“என்ன உயரம்?”

“என் தோளுக்கு வருவா.”

டப்பாக்களின் மேல் முகத்தை ஜன்னல் பார்க்க நிறுத்தினார்.

“நீங்க பின்னாடி வந்து நில்லுங்க.”

ஏகாம்பரம் நெட்டை. அவர் கண்ணுக்கு நேரே ஜன்னலுக்கு மேலிருந்த பாத்திரப் பலகைதான் வந்தது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த இடத்தில் நின்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பலகைதான்.

“குனிங்க.”

குனிந்தார். குழிவுக்குள் தன் முகத்தைப் பொருத்தினார்.

தெரு தெரிந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையும், கடைக்குப் பக்கவாட்டில் மறைவாக இருந்த பெஞ்சும் தெரிந்தன.

ஏகாம்பரம் அசையவில்லை.

“என்ன தெரியுது?”

“நான் சிகரெட் பிடிக்கற எடம் டீச்சர்.”

செலின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“கல்யாணமாகி ரெண்டாம் வருஷமே விட்டுட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். அப்புறமும் தெனம் மில்லுலேர்ந்து வர்றப்ப அங்க ஒண்ணு பிடிச்சிட்டுத்தான் படியேறுவேன்.”

“அவங்க?”

“உள்ள வந்ததும் கையில ரெண்டு ஏலக்கா வைப்பா. தொண்டைக்கு நல்லதும்பா. நானும் மென்னுக்கிட்டு நிப்பேன், பெரிய யோக்கியனாட்டம்.”

அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று செலினுக்குத் தெரியவில்லை. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது ஏகாம்பரத்துக்கு.

சட்டென்று நிமிர்ந்தார். பாத்திரப் பலகையில் தலை இடித்தது. தேய்த்துக்கொள்ளக்கூட இல்லை. முகத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

“கெடங்குக்குப் போலாம் டீச்சர். திரும்ப சூடுகாட்டணும்.”

“ஏன்?”

“வாய தப்பா பண்ணிட்டேன். ஏலக்கா குடுக்கறப்ப சிரிப்ப அடக்குவா. இடது ஓரம் கொஞ்சம் மேல போகணும்.”