பேராசிரியரின் வெளிநாட்டு வலை

வேளாண் கல்லூரியின் பூச்சியியல் பேராசிரியர் கனகசபாபதி எந்த வயலிலும் கால் வைத்ததில்லை, செருப்பு அழுக்காகிவிடுமாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பூச்சி பிடிக்கும் வலை ஒன்றை வரவழைத்து, பெட்டியோடு மர அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஐந்து வருஷமாகச் சாவி அவர் இடுப்பில்தான்.

ஒரு நாள் காலையில் பண்ணையில் வேலை பார்க்கும் மாரிக்கொழுந்தைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆய்வுக்குழு வருது. நூறு பூச்சி வேணும். ஒரு றெக்கைகூட ஒடியக் கூடாது."

"அந்த வலையைக் குடுங்கய்யா."

"அதோட விலை தெரியுமா உனக்கு? கையாலயே பிடி!"

மாரிக்கொழுந்து வீட்டிலிருந்த பழைய கொசுவலையைப் பையாகத் தைத்தாள். கட்டுக்கம்பியை வளையமாக்கி, அதில் பையைக் கோத்து, மூங்கில் கழியில் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பத்து பூச்சிகள் சேர்ந்துவிட்டன.

மறுநாள் பூச்சிகளை மேசையில் பரப்பி வைத்துவிட்டு மாரிக்கொழுந்து ஓரமாக நின்றாள். குழுவின் முன் பேராசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் என் வெளிநாட்டு வலையில் நானே பிடித்தவை."

"அந்த வலையைப் பார்க்கலாமா?" என்றார் குழுத் தலைவி.

மறுக்க வழியில்லை. இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்துத் திறந்தார். வலைத் துணியும் இல்லை, மரப்பிடியும் இல்லை. இரும்பு வளையம் மட்டும் கிடந்தது. பெட்டி நிறையக் கரையான்.

பேராசிரியர் சட்டென்று மாரிக்கொழுந்தின் பக்கம் திரும்பிச் சீறினார். "எல்லாம் உன் வேலைதானே?"

அவள் தன் கொசுவலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தலைவியிடம் சொன்னாள்: "மேசையில இருக்கிறது நான் பிடிச்சதுங்கம்மா. பெட்டியில இருக்கிறது ஐயா வளர்த்தது."