தாகம் எடுத்த செப்புக்காசு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அந்த நாட்டு ராஜாவுக்குப் பழங்காசுப் பைத்தியம். பளபளக்கும் பொற்காசைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேய்ந்து, கறுத்து, களிம்பு ஏறிய காசைக் கண்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

தினமும் காலையில் விகடகவி மாசிலாமணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்ப்பார்.

"இதைக் கொடுத்து அன்றைக்கு ஒருவன் என்ன வாங்கியிருப்பான், மாசிலாமணி?"

"உப்பாக இருக்கலாம், பூவாக இருக்கலாம், மகாராஜா. தேய்ந்திருப்பதைப் பார்த்தால், கொடுக்க மனமில்லாமல் வெகுநேரம் உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்."

இப்படிப் பேசிப் பேசியே பொழுது உச்சிக்கு ஏறிவிடும். அவர்களுக்குக் காசு கொண்டுவருபவள் காத்தாயி. வெள்ளம் வடிந்ததும் ஆற்று மணலைச் சல்லடையில் அரித்துப் பிழைப்பவள். அவளுக்கு அந்த ஆற்றை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது, வேறு ஊரும் தெரியாது.

பொக்கிஷ அதிகாரி சொக்கலிங்கனாருக்கு இதையெல்லாம் பார்த்து வயிற்றெரிச்சல். மணல் அரிக்கிறவளுக்கு அரசர் முன்னால் ஆசனம், தனக்கு வாசற்படியா என்று மனம் புழுங்கினார்.

ஒரு சனிக்கிழமை காத்தாயி ஒரு செப்புக்காசைக் கொண்டுவந்தாள். துதிக்கையைத் தூக்கிய யானைக் காசு. அரசர் துள்ளி எழுந்தார். அப்படியொரு காசு அவர் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியைத் திறந்தால் அதைக் காணோம்!

"மகாராஜா, தொலைந்த காசுதான் இவள் கையில் இருக்கிறது" என்றார் சொக்கலிங்கனார். "பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜை செய்த காசுகளில் ஒன்று. எனக்குத் தெரியாதா?"

காத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ சாமி, ஆத்து மணல்ல அரிச்சு எடுத்தது சாமி! மடுவுக்கு மேக்கால கெடந்துச்சு. எம் புள்ளைங்க மேல சத்தியம்!"

பெட்டி காலியாகக் கிடந்த துக்கத்தில் அரசருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "இதைப் போல் இரண்டாவது காசு உலகிலேயே கிடையாது. அந்தக் காசே வந்து சாட்சி சொன்னால் நம்புகிறேன். இல்லையேல் இவளுடைய சல்லடையை எரித்து, நாளைக்கே இவளை நாடுகடத்துங்கள்!"

மாசிலாமணி எழுந்து கும்பிட்டான். "உத்தரவு, மகாராஜா. சாட்சியை அழைக்கிறேன்."

காசை ஒரு பட்டுத் தலையணையில் ஏற்றி, இரண்டு சேவகர்களைச் சுமக்கச்சொல்லி, சபைக்கு நடுவில் இறக்கினான். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டான். சபை சிரித்தது.

"சாட்சிக்குத் தொண்டை வறண்டிருக்கிறதாம், மகாராஜா. வெயிலில் வந்த களைப்பு. கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டுமாம்."

வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. காசை அதில் போட்டு விரலால் மெல்லச் சுழற்றினான். தண்ணீர் கலங்கியது. அடியில் பொடிப்பொடியாக மணல் இறங்கியது. அரசர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இன்னொரு கிண்ணம். உங்கள் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு காசு கொடுங்கள், மகாராஜா."

அந்தக் காசும் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. சந்தன வாசனை எழுந்தது.

"பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது, அழுக்குதான் அதன் வயது என்பது தங்கள் கட்டளை. ஆகவே இந்தப் பெட்டியில் இருப்பவர்கள் பன்னிரண்டு வருஷத்துக் குங்குமத்தோடு இருக்கிறார்கள். நம் சாட்சியோ ஆற்று மணலைத் துப்புகிறார். அவர் இந்தப் பெட்டிக்குள் கால் வைத்ததே இல்லை."

"அவள் கழுவியிருப்பாள்!" என்று கத்தினார் சொக்கலிங்கனார்.

"கழுவியவள் மணலை மட்டும் விட்டுவைத்தாளா? இருக்கட்டும் ஐயா. இரண்டாவது சாட்சியும் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். தங்கள் இடுப்பைப் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். பயத்தில் வியர்த்துக் கொட்டி, சொக்கலிங்கனாருடைய வெள்ளை வேட்டியின் மடிப்பில் குங்குமச் சிவப்பு வட்டமாக ஊறியிருந்தது. வீட்டில் ஒளித்துவைத்தால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து, மனிதர் பெட்டியில் இருந்த காசை இடுப்பிலேயே செருகிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் தரையில் விழுந்தார். "அவள் நேற்று வாசலில் காவலனிடம் இந்தக் காசைக் காட்டியதைப் பார்த்தேன். அவள்மேல் பழி விழட்டும் என்று பெட்டியிலிருந்ததை எடுத்துவிட்டேன். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது, மகாராஜா."

அரசர் ஆசனத்தைவிட்டு இறங்கினார். "காத்தாயி, அவசரப்பட்டது நான். என்னை மன்னிக்க வேண்டும்" என்றார். அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இவருக்கு என்ன தண்டனை, மாசிலாமணி?"

"தன் கையால் ஒரு பழங்காசைக் கண்டெடுக்கும்வரை காத்தாயியோடு மணல் அரிக்கட்டும், மகாராஜா."

பத்தொன்பது நாள் அரித்தார் சொக்கலிங்கனார். முதுகு வெந்தது, கை கொப்பளித்தது, காத்தாயியிடம் திட்டும் வாங்கினார். இருபதாம் நாள் முழங்கால்வரை சேற்றோடு சபைக்குள் ஓடிவந்து உள்ளங்கையை விரித்தார். ஓர் ஈய வில்லை. அதில் ஒரு பக்கம் பந்தல், மறுபக்கம் குவளை.

"காசில்லை, மகாராஜா, அடையாள வில்லை! பாருங்கள், அந்தக் காலத்தில் யாரோ தண்ணீர்ப் பந்தல் வைத்து, இதைக் காட்டியவர்களுக்கு ஒரு குவளை மோர் ஊற்றியிருக்கிறார்கள். காத்தாயி மோர் என்கிறாள், நான் பானகம் என்கிறேன். வழி முழுவதும் அதே சண்டைதான்."

அரசர் கண்கள் விரிய, கையை நீட்டினார். "கொடும், கொடும்!"

சொக்கலிங்கனார் சட்டென்று கையை மூடிக்கொண்டார். "மன்னிக்க வேண்டும். பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தரமாட்டேன். இது நான் கண்டெடுத்தது."

அரசர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டு, "இவருக்கும் நம் வியாதியை ஒட்டவைத்துவிட்டாயே!" என்றார்.

மறுநாள் காலையில் அந்த வில்லைக்கு மேல் நான்கு தலைகள் குனிந்திருந்தன. மோரா, பானகமா என்று உச்சிவரை முடிவாகவில்லை. யாருக்கும் பசிக்கவுமில்லை.