கசிவு அடைக்க வந்த பெருச்சாளி

ஒரு காட்டில், மலை இறங்கி முடிகிற இடத்தில், வீராயி என்று ஒரு எருமை குடியிருந்தாள். நல்லவள்தான். ஆனால் மெதுவு என்றால் அப்படி ஒரு மெதுவு! காலையில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் மத்தியானம் "உம்" என்பாள்.

அவள் கொல்லையில் ஒரு சேற்றுக் குட்டை இருந்தது. வீராயி உட்கார்ந்தால் குட்டை நிறைந்துபோகும். எழுந்தால் குட்டையைத் தேட வேண்டும். அவ்வளவு பெரிசு! ஆனால் சித்திரை வெயிலில் ஆறே வாயைப் பிளந்து கிடக்கும்போதும் அந்தக் குட்டை மட்டும் வற்றினதில்லை.

அந்த வருஷம் வீராயி வயிற்றில் கன்று இருந்தது. சித்திரையில் பிறக்க வேண்டிய கன்று. கிடந்து புரளத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வெயிலில் தாயும் தாங்காது, கன்றும் தாங்காது. குட்டைதான் இருக்கிறதே என்று வீராயி நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

நிம்மதி பொறுக்காதவன் ஒருவன் அவள் முதுகிலேயே உட்கார்ந்திருந்தான். வெள்ளையன் என்ற உண்ணிக்கொக்கு. அவள் மேல் உண்ணி பொறுக்கித் தின்று வயிறு வளர்க்கிறவன். பவிசு மட்டும் அரண்மனைப் பவிசு.

"வீராயி, என் மானம் போகுது. நேத்து நாரைக் கூட்டம் ஒண்ணு மேல பறந்துச்சு. 'பாருடி, சாக்கடையில ஒருத்தன் வெள்ளை வேட்டி கட்டிட்டு நிக்கிறான்'னு சிரிச்சுட்டுப் போறாளுக."

"உம்," என்றாள் வீராயி.

"என்ன உம்? நீலத் தண்ணி, சுத்திக் கல்லுத் தளம், இறங்கப் படி! அப்படி ஒரு நீச்சல் குளம் கட்டணும். மேஸ்திரியை வரச் சொல்லிட்டேன்."

மேஸ்திரியும் வந்தான். தோண்டிமுத்து என்ற பெருச்சாளி. கையில் ஒரு தேக்கிலை. இலை முழுக்கப் பல்லால் கடித்துக் கடித்து எழுதிய திட்டம்.

"வணக்கம் அக்கா! நீங்க இப்படிச் சேத்துல கிடக்கலாமா? மகாராணி மாதிரி உடம்பு!" என்றான். சொல்லிவிட்டு மூன்று தும்மல் போட்டான்.

"கூலி என்ன தம்பி?"

"அக்கா! உங்ககிட்ட கூலி வாங்கினா என் வால் அழுகிப்போகும்! பக்கத்து வீட்டுக்காரனா நான் செய்யிற ஒரு சின்ன உதவி. நீங்க குளம்பை வச்சு ஒரு அழுத்து அழுத்திட்டா, நாளைக்கே வேலை ஆரம்பம்."

"உம். படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள் வீராயி.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளையன்தான் கழுத்தை நீட்டிப் படித்தான்.

"பழைய சேற்றை அள்ளிக் கொட்டுவது. அப்பாடா, முதல் வேலையே நல்ல வேலை! அடுத்தது, அடியில் இருக்கிற கசிவை அடைப்பது. அப்புறம் நீலக் கல் பதிப்பது. நீலக் கல், வீராயி! ஏழு படி. சாய்ந்து படுக்க ஒரு மேடை. ஓரத்தில் அல்லிக்கொடி."

"அவ்வளவுதானா?"

"காம்புக்குப் பக்கத்துல பொடியா ஒரு வரி இருக்கு. 'தண்ணீர், வீட்டுக்காரர் பொறுப்பு.' அது வழக்கமா எல்லாரும் எழுதுறதுதான். நீ குளம்பை வை!"

வீராயி வைக்கவில்லை. நாம் படித்ததை உடனே மறந்துவிடுவோம். அவள் கேட்டதை உள்ளே போட்டுக்கொண்டு, பிறகு மேலே கொண்டுவந்து மெல்லுகிற ஜாதி.

முதல் நாள் படியை மென்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் படி நல்லதுதான் என்று தோன்றியது. மேடையை மென்றாள். அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் அந்தக் கசிவு வாய்க்கு வந்தது. மெல்ல மெல்ல ஏதோ நெருடியது. அப்போது அவள் குட்டையில்தான் படுத்திருந்தாள். அடிவயிற்றுக்குக் கீழே, எப்போதும்போல, சில்லென்று ஏதோ குமிழியிட்டது. உள்ளே கன்று சுகமாக ஒரு உதை விட்டது.

"வெள்ளையா, இந்தச் சில்லுன்னு வருதே, இதுக்குப் பேரு என்ன?"

"ஊத்து."

"திட்டத்துல ஊத்துன்னு எங்கயாவது இருக்கா?"

வெள்ளையன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லையே. கசிவுன்னுதான் இருக்கு."

"உம்," என்றாள் வீராயி. இந்தத் தடவை அந்த 'உம்' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

மூன்றாம் நாள் எழுந்து, சரிவில் இறங்கி, மேஸ்திரி வீட்டுக்கு நடந்தாள். ரொம்பத் தூரமில்லை. கொல்லைக்கு நேர் கீழே, பத்து முழம் தள்ளி, ஒரு வளை. வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லா அது? முளைவிட்டு நாற்றாகவே நின்றது. படுக்கை வைக்கோல் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கியது. வாசல் மண்ணில் காளான் குடை பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து தும்மிக்கொண்டே வந்தான் தோண்டிமுத்து. "அடடே அக்கா! வாங்க, வாங்க!"

"வீடு கொஞ்சம் ஈரமோ தம்பி?"

"ஈரமா? சேச்சே! வாசலுக்குப் பன்னீர் தெளிச்சேன்."

"வைக்கோலுக்கும் பன்னீரா?"

"நமக்கு எல்லாமே கொஞ்சம் தாராளம், அக்கா," என்று சொல்லி, ஐந்து தும்மல் சேர்ந்தாற்போல் போட்டான்.

வீராயி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினாள். வருகிற வழியிலேயே மென்று முடித்துவிட்டாள். ஊற்றுத் தண்ணீர் இவன் வீட்டுக்குள் இறங்குகிறது. அவனே போய் அடைத்தால் எருமை மிதித்துவிடும். எருமையே அடைக்கச் சொன்னால்? அதுவும் கூலி இல்லாமல்? சித்திரையில் நீலக் கல் பளபளக்கும், அதன் மேல் அவளும் கன்றும் வறுபடுவார்கள். தண்ணீர்தான் வீட்டுக்காரர் பொறுப்பாயிற்றே!

மறுநாள் தோண்டிமுத்து வந்ததும் அவள் இலைமேல் குளம்பைத் தூக்கினாள். வைக்காமல் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"தம்பி, எனக்கு எல்லாம் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு திருத்தம். கசிவு வேலையை முதல்ல முடிச்சுடணும்."

தோண்டிமுத்துவின் மீசை துள்ளியது. "அதைத்தான் அக்கா நானும் நினைச்சேன்!"

"மேலாக்க மண்ணை அப்பிட்டுப் போறது எனக்கு ஆகாது. அது எங்கேயிருந்து வருதுன்னு அடிவரைக்கும் தோண்டிப் பார்த்துட்டு அடைக்கணும். அந்த ஆழமெல்லாம் உனக்கு முடியாதுன்னா சொல்லு, முள்ளம்பன்றியைக் கூப்பிட்டுக்கறேன்."

"முள்ளம்பன்றியா?" பெருச்சாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் முதுகு சொறியத்தான் லாயக்கு! தோண்டுறதுன்னா என்னன்னு காட்டுறேன், பாருங்க!"

தொம்மென்று குளம்பு இறங்கியது. வேலை ஆரம்பம்.

தோண்டினான், தோண்டினான், அப்படித் தோண்டினான். சேறு வலப்பக்கம் பறந்தது, இடப்பக்கம் பறந்தது. பாதிச் சேறு வெள்ளையன் மேல் விழுந்தது. "ஏய், என் சிறகு!" என்று அவன் கத்தினதை யார் கேட்டது?

குழி வீராயி உயரம் வந்தது. அவன் காலடியில் தண்ணீர் ஏறியது. "போதுமா தம்பி?" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"கசிவோட வேர் தெரியுது அக்கா! இன்னும் ஒரு சாண்!"

"அந்தப் பாறையை என்ன பண்ணப்போற?"

"பாறையா? இது என் பல்லுக்கு முறுக்கு!" என்று பாறையைக் கெல்லி இழுத்தான்.

பொளக்!

கீழேயிருந்து தண்ணீர் எழும்பின வேகத்தில் மேஸ்திரி பந்துபோல மேலே வந்து, மூங்கில் கிளையில் மாட்டிக்கொண்டான். குழி நிரம்பியது. கரை தொட்டது. மிச்சத் தண்ணீர் சலசலவென்று சரிவில் இறங்கி, அவன் வளைக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தது. முளைத்த நெல்லும் வைக்கோலும் ஊர்வலம் போயின.

"ஐயோ, என் வீடு!"

வீராயி அவசரப்படாமல் தண்ணீரில் இறங்கினாள். முதுகு வரைக்கும் முழுகினாள். எழுந்தாள். குளம் அப்படியே இருந்தது.

"தம்பி, கசிவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது அக்கா," என்று கிளையில் தொங்கியபடி தும்மினான் தோண்டிமுத்து. "ஆனா நீலக் கல்லு, படி, மேடை..."

"அதெல்லாம் உன் பொறுப்பு, மெதுவா செய். தண்ணி என் பொறுப்புன்னு எழுதியிருந்தியே, கொண்டுவந்துட்டேன்."

சித்திரையில் கன்று பிறந்தது. பிறந்த அன்றே தண்ணீரில் விழுந்து, அம்மாவைவிட வேகமாக நீந்தியது. வெள்ளையன் நாரைகளிடம், "திட்டத்தைப் படிச்சுப் பார்த்ததே நான்தான்," என்று சொல்லித் திரிந்தான். தோண்டிமுத்து மேட்டில் காய்ந்த இடமாகப் பார்த்து வேறு வளை தோண்டிக்கொண்டான். தும்மல் நின்றுவிட்டது. திட்டம் எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

நீதி: கூலியே வேண்டாம் என்று வேலைக்கு வருகிறவனின் வீட்டை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வேலையைக் கொடு.